சாந்தியின் பிரேக்கும் என் கட்டைவிரலும்

மருந்து ஜன்னலுக்குப் பின்னால் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதல் வேலையாக உங்கள் நாற்காலியை ஆட்டிப் பாருங்கள். நான்கு கால்களில் ஒன்று கட்டாயம் குட்டையாக இருக்கும். அதற்கு மாத்திரை அட்டைப்பெட்டியை மடித்து முட்டுக் கொடுத்துத்தான் நான் முப்பது வருஷம் ஓட்டினேன். அதே முப்பது வருஷத்தில் என் சொந்தக் கால் ஒன்று மக்கர் செய்தபோது, அதற்கு முட்டுக் கொடுக்கத் தெரியாமல் ஊர் சிரிக்க உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

திருவண்ணாமலையில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். இதில் வரும் முட்டாள்தனம் அத்தனையும் என் சொந்தச் சரக்கு. அதற்குக் கட்டடத்தின் பெயரை எதற்கு இழுக்க வேண்டும்?

மாத்திரை எடுத்துக் கொடுப்பது, இருப்பு பார்ப்பது, காலாவதியானதை ஒதுக்குவது எல்லாம் ஒரே மாதத்தில் கை தானாகச் செய்யும். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வலியோடு வருகிறவருக்கு மாத்திரை கொடுப்பதும் சுலபம்தான். வேப்பங்கொட்டையைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் விழுங்கிவிட்டுப் போவார். ஆனால் வலி போன பிறகும் ஒருத்தரைத் தினமும் மாத்திரை விழுங்க வைக்க வேண்டும், பாருங்கள், நம் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இது எனக்கு மண்டையில் ஏற ஒரு ஆட்டோ, ஒரு பக்கெட், ஒரு மனைவி தேவைப்பட்டார்கள். மனைவி என்றால் ஆட்டோக்காரரின் மனைவி. அவசரப்பட்டு எதுவும் நினைக்க வேண்டாம்.

ஆட்டோக்காரர் பெயர் ஏழுமலை. அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் வரிசையின் நடுவே இடது காலால் நொண்டி அடித்துக்கொண்டு வந்தார். ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று கையில். பின்னால் அவர் மனைவி சாந்தி. ஒரு கையால் கணவரைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் எதிரில் வந்தவர்களை எல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க, தள்ளுங்க! வெரலு மேல யாரும் பட்டுடாதீங்க! கிட்ட வந்து மூச்சு கூட வுடாதீங்க!"

வலது கால் கட்டைவிரலின் அடி மூட்டு வீங்கிச் சிவந்து, தோல் பளபளவென்று இருந்தது. டாக்டர் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார், கவுட் என்று. ஊரில் 'யூரிக் ஆசிட்' என்று சொல்வார்களே, அதுதான். ரத்தத்தில் யூரிக் ஆசிட் அதிகமாகி, கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான படிகங்களாக மூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் திடீரென்று உடம்பு அதைக் கண்டுபிடித்து அதனோடு சண்டைக்குப் போகும். சண்டை பெரும்பாலும் கட்டைவிரலில்தான் ஆரம்பிக்கும்.

சீட்டை வாங்கிக்கொண்டு கேட்டேன். "எத்தனை நாளா இருக்குது?"

"நாலு நாளு சார். ஃபேன் காத்து பட்டாலே உயிர் போவுது. மொத நாளே வந்திருப்பேன். சூப்பு வேலை செய்யட்டும்னு பாத்தேன்."

"இன்னா சூப்பு?"

"ஆட்டுக்கால் சூப்பு சார். காலுக்குக் காலு. வேளைக்கு ரெண்டு கிண்ணம். கூடவே கொஞ்சம் ஈரல் வறுவல். வலி ஜாஸ்தியானா ஒரு பீரு."

யூரிக் ஆசிட்டுக்கு விருந்து வைக்க வேண்டும் என்று நன்றாகப் படித்த ஒரு ஆளை உட்கார வைத்துப் பட்டியல் போடச் சொன்னாலும் இதைவிடச் சிறப்பாகப் போட்டிருக்க முடியாது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"இந்தக் காலை வெச்சுக்கினு எப்படி வந்தீங்க?"

"என் வண்டிலதான் சார்."

"யார் ஓட்டினது?"

"நான்தான்."

"ஆட்டோவுல பிரேக்கு வலது காலுல்ல? அதை எப்படி மிதிச்சீங்க?"

ஏழுமலை கையில் இருந்த செருப்பால் மனைவியைக் காட்டினார். "பிரேக்கு இவ சார்."

நாலு நாளாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறதாம். டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்காருவார்களே, அந்த அரை சீட்டில் சாந்தி உட்கார்ந்துகொள்வார். கைப்பிடி, கிளட்ச், ஹாரன் எல்லாம் ஏழுமலை. "சாந்தி, பிரேக்!" என்று அவர் கத்தினால் சாந்தி எட்டி மிதிப்பார். ஹேண்ட் பிரேக்கோ அலங்காரத்துக்கு இருந்தது.

"கரெக்டா மிதிப்பா சார்" என்றார் ஏழுமலை. "இன்னா ஒண்ணு, பூக்கார அம்மாவப் பாத்தா நான் சொல்லாமலே மிதிச்சிடறா."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். பின்னால் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டி அது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குச் சீனியர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, மாத்திரை அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, "எங்க, இப்ப நீ சொல்லு பாக்கலாம்" என்பார். வாங்க வந்தவர் எந்த மாத்திரை, எப்போது, எதற்கு என்று அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அட்டை கைக்கு வராது. எழுபது வயசுப் பெரியவரை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒப்பிக்க வைக்கிறாரே என்று நான் முதுகுக்குப் பின்னால் கேலி செய்திருக்கிறேன். அவர் ஓய்வு பெற்ற மறுநாளே அந்தப் பழக்கத்தைத் தலைமுழுகினேன். வரிசை மளமளவென்று நகர்ந்தது. எனக்கு ஒரே பெருமை.

ஏழுமலைக்கு இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று யூரிக் ஆசிட்டைக் குறைக்கிற மாத்திரை, தினமும், வருஷக்கணக்காகச் சாப்பிட வேண்டியது. இன்னொன்று சின்ன மாத்திரை, முதல் சில மாதங்களுக்குக் காவலுக்கு. ஏனென்றால் யூரிக் ஆசிட் இறங்க ஆரம்பிக்கும்போது பழைய படிகங்கள் கலைந்து, வலி திரும்ப வருவதற்கு வாய்ப்பு உண்டு. இது நமக்குத் தெரியும். ஏழுமலைக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்குத்தான் அரசாங்கம் எனக்கு நாற்காலி கொடுத்திருந்தது.

நான் சொன்னது இவ்வளவுதான்: "இது தினம் ஒண்ணு, சாப்பிட்டப்புறம்."

"இந்தச் சின்னது எதுக்கு சார்?"

"வலிக்கு. அடுத்தது யாரு?"

வலிக்கு என்று நான் சொன்னதும் ஏழுமலை நியாயமாக யோசித்தார். இப்போது வலி இல்லை. ஆகவே சின்ன மாத்திரை வேண்டாம். அதைப் பத்திரமாக ஆட்டோவில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். பெரிய மாத்திரையை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டார். மூன்றாவது வாரம் கட்டைவிரல் மறுபடியும் பற்றிக்கொண்டது.

வந்தார். நொண்டி அடித்துக்கொண்டு, சாந்தி பிரேக் போட்டுக்கொண்டுதான் வந்தார். மாத்திரை அட்டையை ஜன்னல் கம்பிக்குள் தள்ளினார்.

"நீங்களே வெச்சுக்கோங்க சார். சூப்பு குடிச்சப்ப கூட ஒரு தடவதான் வந்துச்சு. உங்க மாத்திரயத் துன்ன அப்புறம் மறுக்கா வந்துடுச்சு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சின்ன மாத்திரை சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நீ ஒழுங்கா இருந்திருக்க மாட்ட! திருட்டுத்தனமா சூப்பு குடிச்சிருப்ப! மாத்திரைய நடுவுல நிறுத்துற ஆளுங்களுக்கெல்லாம் நான் பொறுப்பு கிடையாது!" என்று எழுந்து நின்று கத்தினேன். நாற்காலிக்கு முட்டுக் கொடுத்த அட்டை நழுவி, நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வரிசை அதற்கும் சிரித்தது. ஏழுமலை சிரிக்கவில்லை. போய்விட்டார்.

போனவர் சும்மா போகவில்லை. ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார். சுகருக்கும் பிரஷருக்கும் என்னிடம் மாத்திரை வாங்குகிற நாலைந்து டிரைவர்கள் அடுத்த வாரம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒருவர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது காலைக் கெடுக்காதே?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் ஏழுமலைக்கு அந்த வலி வருவதும் போவதுமாகவே இருந்தது. மனைவி பிரேக் போடுகிற வண்டியில் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று பள்ளிக்கூட சவாரி கொடுத்தவர்கள் நின்றுவிட்டார்கள். சாந்தி வீட்டில் தையல் வேலை செய்கிறவர். ஆட்டோவில் உட்கார்ந்து உட்கார்ந்து, வாங்கிய துணியைக் குறித்த நாளில் கொடுக்க முடியாமல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டார். ஸ்டாண்டிலும், இன்னொரு தடவை இப்படி வந்தால் வரிசையில் நிற்க விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆக, ஒரு குடும்பத்தின் பிழைப்பே அந்த ஒரு மூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இதெல்லாம் என் காதுக்கும் வந்தது. நான்தான் சொல்லாமல் விட்டேன் என்பதும் தெரிந்தே இருந்தது. போய்ப் பார்க்கலாமா என்று நினைப்பேன், அதோடு சரி. கத்திவிட்ட வாய்க்கு இறங்கிப் போக வெட்கம்.

இப்போது என் ரகசியத்துக்கு வருகிறேன். எனக்கும் கவுட்.

ஏழுமலை வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே வந்துவிட்டது. நான் குடிக்கிறவன் இல்லை. ஆட்டுக்கால் சூப்பும் பிடிக்காது. என் அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்தது, அவ்வளவுதான். ஆனால் கவுட் என்றால் ஊரில் உடனே 'பார்ட்டி நல்லா தண்ணி போடும் போல' என்று கண்ணடிப்பார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் 'சுளுக்கு' என்று சொல்லிவிடுவேன். வெளியூர் டாக்டர் ஒருவரிடம் காட்டி, ஒரு வருஷம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டேன். யூரிக் ஆசிட், டாக்டர் சொன்னபடி, ஆறுக்குக் கீழே இறங்கியது. வலி என்ற பேச்சே இல்லை. உடனே நிறுத்திவிட்டேன். தினமும் நூறு பேரிடம் 'நடுவுல நிறுத்தக் கூடாது' என்று சொல்கிற ஆள். என் முதுகுக்குப் பின்னால் கைக்கெட்டும் அலமாரியில் அந்த மாத்திரை பெட்டி பெட்டியாக இருந்தது. இத்தனை அருகில் இருந்துகொண்டு அதைச் சாப்பிடாமல் இருக்க நம்மைப் போன்ற மருந்தாளுநர்களால்தான் முடியும்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் எங்கள் முகாம் ஒன்று போடுவார்கள். செருப்பில்லாமல் நடக்கிறவர்களின் கொப்புளத்துக்கு மருந்து, மயக்கம் வருகிறவர்களுக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் என்று ஓயாமல் வேலை இருக்கும். அந்த மாதம் அடி அண்ணாமலையில் போட்டார்கள். என்னைத்தான் மருந்துக்கு நியமித்திருந்தார்கள், மாற்று ஆள் கிடையாது. அன்று விடியற்காலையில்தான் என் வலது கால் கட்டைவிரலுக்கும் நல்ல நேரம் பிறந்தது. போர்வை பட்டது. ஐயோ என்று உட்கார்ந்தவன்தான்.

எப்படியோ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன். மேஜைக்கு முன்பக்கம் தரை வரைக்கும் தொங்குகிற மாதிரி பச்சைத் துணி விரித்தேன். எதிர் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி ஒரு பக்கெட்டில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மேஜைக்கு அடியில் வைத்துக் காலை உள்ளே விட்டுக்கொண்டேன். மேலே பார்த்தால் சட்டையும் பேனாவுமாக ஒரு கம்பீரமான மருந்தாளுநர். முகாமுக்கு வந்திருந்த இளம் டாக்டரம்மா, "என்ன சார், முகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றார். "சின்ன சுளுக்கும்மா" என்றேன்.

பாதையில் வண்டிகள் போகக் கூடாது என்று தடுப்பதற்கு முன்னாலேயே, மதியமே, தண்ணீர் கேன்கள் வந்தாக வேண்டும். பாஸ் ஒட்டின ஒரு ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தார்கள். உள்ளூர் ஆட்டோ. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

ரோட்டிலிருந்து எங்கள் பந்தலுக்கு லேசான இறக்கம். ஆட்டோ பன்னிரண்டு கேன்களோடு திரும்பியது. "சாந்தி, பிரேக்!" என்று சத்தம் கேட்டது. சரியாக அந்த இடத்தில் கோயில் கோபுரம் தெரியும். சாந்தி பக்தியான பெண். கோபுரத்தைப் பார்த்ததும் செருப்பை உதறிவிட்டு, காலை மேலே மடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பிரேக்கில் யாருடைய காலும் இல்லை.

"சாந்தி! பிரேக்! பிரேக்கு சாந்தி! சாமிய அப்புறம் கும்புடுடி!"

ஆட்டோ நேராக என் மேஜையைப் பார்த்து இறங்கியது. டாக்டரம்மா ஒரு பக்கம் ஓடினார். நர்ஸ் ஒரு பக்கம் ஓடினார். இரண்டு தொண்டர்களும், பந்தலில் படுத்திருந்த நாயும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. ஓட முடியாது. எழுந்தால் விரல் தரையில் படும். ஆட்டோ இடித்தால் எவ்வளவு வலிக்கும், விரல் தரையில் பட்டால் எவ்வளவு வலிக்கும் என்று அந்த ஒரு நொடியில் மனசுக்குள் எடை போட்டுப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆட்டோவே தேவலை என்று தோன்றியது.

கடைசியில் ஏழுமலையே இடது காலைக் குறுக்கே போட்டு, அலறிக்கொண்டு மிதித்தார். முன்சக்கரம் மேஜைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஒரு கேன் மட்டும் உருண்டு வந்து மேஜைக் காலில் முட்டி நின்றது.

எல்லோரும் திரும்ப ஓடி வந்தார்கள். நான் பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், எல்லாரும் ஓடிட்டாங்க. நீங்க அசையவே இல்லையே! இன்னா தில்லு சார் உங்களுக்கு!"

தொண்டர் ஒருவர் கை தட்டினார். டாக்டரம்மாகூட என்னை மரியாதையாகப் பார்த்தார். அந்தப் பெருமையோடு விட்டிருந்தால் என் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். விட்டார்களா? சாந்தி உருண்ட கேனை எடுக்கக் குனிந்தார். கேனோடு சேர்ந்து மேஜைத் துணியும் வந்தது. பக்கெட்டும், ஐஸும், அதற்குள் சிவந்து வீங்கின என் கட்டைவிரலும் பௌர்ணமிக் கூட்டத்தின் முதல் தவணைக்குத் தரிசனம் கொடுத்தன.

ஏழுமலை நொண்டி அடித்து அருகில் வந்தார். என் விரலைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். மறுபடி என் விரலைப் பார்த்தார்.

"சார்... இது நம்ம காலு மாதிரியே கீதே."

'சுளுக்கு' என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இரண்டு வருஷமாகப் பழகின வார்த்தை. அதைச் சொன்னால் என் மானம் தப்பிக்கும். ஏழுமலை தண்ணீர் கேனை இறக்கிவிட்டுப் போய்விடுவார், அடுத்த இறக்கத்திலும் சாந்திதான் பிரேக். இன்றைக்கு மேஜைக்குப் பின்னால் நான் இருந்தேன். நாளைக்கு யார் இருப்பார்கள்? எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் உண்மை வெளியே வந்தது.

"ஆமாம்ப்பா. அதேதான். யூரிக் ஆசிட்."

டாக்டரம்மா, "சுளுக்குன்னு சொன்னீங்க?" என்றார். நான் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டேன்.

சாந்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "மாத்திர சாப்புடலயா சார்?"

"சாப்பிட்டேன். ஒரு வருஷம்."

"அப்புறம்?"

"வலி போயிடுச்சு. நிறுத்திட்டேன்."

"யாரக் கேட்டு நிறுத்தினீங்க?"

இது என் கேள்வி. நான் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி. அது இவ்வளவு காரமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"யாரையும் கேக்கலம்மா" என்றேன். "ஏழுமலை, உன்கிட்டயும் நான் தப்பு பண்ணிட்டேன். அந்தச் சின்ன மாத்திரை வலிக்கு இல்ல. வலி வராம இருக்க. அத சரியா சொல்லாம, உன்னையே திட்டி அனுப்பிட்டேன்."

ஏழுமலை வாயைப் பிளந்தார். பிறகு ஆட்டோவுக்குப் போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தச் சின்ன மாத்திரை அட்டையை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். ஒன்றுகூடக் கிழிக்கவில்லை. குங்குமம் மட்டும் பட்டிருந்தது.

அன்றைக்குத்தான், காலைப் பக்கெட்டில் வைத்துக்கொண்டு, என் வாழ்நாளிலேயே முதல் முறையாக ஒரு மாத்திரையை ஒழுங்காக விளக்கினேன்.

"சாந்தி, உங்க வீட்ல வென்னீர் போடற பாத்திரத்துல உப்பு படியுமா?"

"ஏன் கேக்கறீங்க, போர் தண்ணி. அடியில ஆடை மாதிரி படிஞ்சு கெடக்கும்."

"அது படியறப்ப உனக்கு எதாவது தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது."

"மூட்டுல யூரிக் ஆசிட் படியறதும் அப்படித்தான். வருஷக்கணக்கா படியும், தெரியாது. இப்ப அந்தப் பாத்திரத்த ஊற வெச்சா?"

"செதில் செதிலா பேந்துக்கினு வரும். தண்ணியெல்லாம் கலங்கிடும்."

"அதேதான். பெரிய மாத்திரை ஊற வெக்குது. செதில் பேந்து வரும்போது கொஞ்ச நாளைக்கு வலி வரலாம். அதுக்குக் காவலாத்தான் சின்னது. வலி வந்தா, மாத்திரை கெடுதல் பண்ணுதுன்னு அர்த்தம் இல்ல. உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

ஏழுமலை யோசித்தார். "அப்ப சூப்பு?"

"சூப்பு, ஈரல் எல்லாம் எப்பயாவது கொஞ்சமா. பீரு வேணாம். பாட்டில்ல விக்கற இனிப்பு ஜூஸும் வேணாம். தண்ணி நல்லா குடி."

"பருப்பு, கீரை?"

அதற்கு டாக்டரம்மாவே பதில் சொன்னார். "தாராளமா சாப்பிடுங்க. சாப்பாட்டுல மட்டும் இத முழுசா சரி பண்ண முடியாது. மாத்திரை வேணும்." சொல்லிவிட்டு, முதலில் இருவருக்கும் இந்த வலி அடங்க மருந்து எழுதினார். இரண்டு வாரம் கழித்து ரத்தம், சிறுநீரகம் எல்லாம் பார்த்துவிட்டு, பெரிய மாத்திரையைக் கம்மியான அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றலாம் என்றார். உடம்பில் தடிப்போ சொறியோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னார்.

குங்குமம் பட்ட அட்டையைத் திருப்பி நீட்டப் போன என் கை தானாக நின்றது. மூக்கு நுனிக் கண்ணாடி அம்மா ஞாபகத்துக்கு வந்தார்.

"எங்க, இப்ப நீ சொல்லு பாக்கலாம்" என்றேன்.

ஏழுமலை முதல் தடவை பெரியதையும் சின்னதையும் மாற்றிச் சொன்னார். இரண்டாம் தடவை பீரைச் சேர்த்துவிட்டார். மூன்றாம் தடவை சரியாக வந்தது. "டாக்டரம்மா எப்ப ஆரம்பிக்கச் சொல்றாங்களோ அப்பலேர்ந்து பெரிசு தெனம் ஒண்ணு. சின்னது காவலுக்கு, வலி இல்லன்னாலும் போடணும். வலி வந்தாலும் பெரிச நிறுத்தக் கூடாது, டாக்டரப் பாக்கணும். ஒடம்புல தடிப்பு, சொறி வந்தா மட்டும் உடனே நிறுத்திட்டு ஓடி வரணும்."

"பலே" என்றேன்.

சாந்தி விடவில்லை. "நீங்களும் சொல்லுங்க சார்."

சொன்னேன். கிரிவலம் வந்த ஒரு குடும்பம் நின்று கேட்டுவிட்டுப் போனது.

அடுத்த மாதத்திலிருந்து காலை எட்டு மணிக்கு என் போன் அடிக்க ஆரம்பித்தது. "சார், சாந்தி பேசறேன். போட்டாச்சா?" போட்டாச்சும்மா என்பேன். "வாயால சொல்லாதீங்க, போட்டுட்டு சொல்லுங்க." என் மேலதிகாரிகள் யாரும் என்னை இவ்வளவு நெருக்கியதில்லை. வீட்டில் என் மனைவிக்கு முதலில் சந்தேகம், பிறகு சந்தோஷம். இரண்டு பேரும் சேர்ந்துகொண்ட பிறகு எனக்கு இனி மறதி என்பதே கிடையாது என்று நினைத்தேன்.

ஆறாவது வாரம் போன் வேறு நேரத்தில் வந்தது. ஏழுமலை. பரீட்சையில் பாஸான குரல்.

"சார்! செதில் பேந்துக்கிச்சு சார்!"

"இன்னாப்பா?"

"கட்டவெரலு சார்! லேசா வீங்கிக்கினு கீது. நீங்க சொன்னா மாதிரியே! நான் மாத்திரய நிறுத்தல. டாக்டரம்மாகிட்டதான் போயினு கீறேன். உங்களுக்கு வந்துச்சா?"

எனக்கு வரவில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. முன்பு அட்டையை என் மூஞ்சியில் தள்ளின அதே வலி, அதே விரல். இப்போது அதை எனக்கு நல்ல சேதியாகச் சொல்கிறார் மனிதர். நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான், வரப் போவதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லியிருந்தோம். அந்தப் போனை வைத்துவிட்டுக் கண் கலங்கினேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும் வரை ஒருவரையும் ஒப்பிக்க விடாமல் அனுப்பவில்லை. வரிசை வாசல் வரை நின்றது, திட்டினார்கள், நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாதாமாதம் ரத்தம் பார்த்து டாக்டரம்மா அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஏழுமலைக்கு யூரிக் ஆசிட் ஆறுக்குக் கீழே வந்த அன்று, "அப்ப நிறுத்திடலாமா?" என்று கேட்க வாயெடுத்தாராம். பக்கத்தில் சாந்தி நின்றதால் மூடிக்கொண்டாராம். ஆறுக்குக் கீழே வந்தது மாத்திரையால். மாத்திரையை எடுத்துவிட்டால் அது பழையபடி மேலே ஏறிவிடும். எனக்கு ஒரு பக்கெட் ஐஸ் செலவானது இதைக் கற்றுக்கொள்ள. காவல் மாத்திரையை மட்டும் சில மாதம் கழித்து டாக்டரம்மா நிறுத்தினார். ஏழுமலை தன் பிரேக்கைத் தானே மிதித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். தையல் மெஷினின் உறை கழன்றது.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். காலையிலேயே ஏழுமலையின் ஆட்டோவில் கிளம்பினேன். சாந்தியும் அங்கே ஜாக்கெட் கொடுக்க வேண்டும் என்று பையோடு ஏறி, என் பக்கத்தில் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஏழுமலை வேகத்தடை, வளைவு எல்லாவற்றிலும் பூப்போல மிதித்து ஓட்டினார். வழியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. ஆட்டோ அலுங்காமல் நின்றது.

தற்செயலாகக் கீழே பார்த்தேன். சாந்தியின் வலது கால் ஆட்டோவின் தரைத் தகட்டை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்மா, அவருக்குத்தான் மூணு வருஷமா வலியே இல்லையே. இன்னும் ஏன் மிதிக்கற?"

சாந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கும்தான் மூணு வருஷமா வலி இல்ல. காலைல மாத்திர போட்டீங்களா சார்?"

கல்யாண அவசரத்தில் கிளம்பியிருந்தேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். அன்றைய மாத்திரை அங்கேயே இருந்தது. சாந்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.